ஒரே தாளில் ஒரு வகுப்பு

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு, பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய இணையத் தாள் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் அறிமுகமாகியிருக்கும். ‘இன்று மாலை 4 மணிக்குள் அனைத்துப் பள்ளிகளும் இந்த ஷீட்டை நிரப்பி முடிக்கவும், மிக அவசரம்’ என்ற குறிப்போடு ஓர் இணைப்பு வந்து விழும். திறந்து பார்த்தால் அந்த நேரத்தில் ஐம்பது அறுபது பேர் அதற்குள் இருப்பார்கள். நம் பள்ளியின் வரிசையைத் தேடிக் கண்டுபிடித்து எண்ணை இடுவதற்குள் யாரோ ஒருவர் அகரவரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தி அத்தனை வரிசைகளையும் கலைத்திருப்பார். இன்னொருவர் தம் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை நம் கட்டத்தில் இட்டுவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போயிருப்பார். மாலையில் ‘உங்கள் பள்ளி விவரம் மட்டும் இன்னும் வரவில்லை’ என்று தொலைபேசி வரும். கூட்டுத் தாள் என்றாலே எங்களில் பலருக்கு இந்தப் பதற்றம்தான் நினைவுக்கு வரும். ஆகவே எங்கள் பள்ளியின் கணினிப் பயிற்றுநர், இதே கருவியை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாமே என்று சொன்னபோது, பயிற்சி பெற்ற பெரியவர்கள் படும் பாடே இதுவென்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுந்தது.

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு எல்லோரையும் போல நானும் கூகுள் மீட், கூகுள் கிளாஸ்ரூம் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டேன். அவற்றில் நான் செய்ததெல்லாம் அனுப்புவதும் திரும்பப் பெறுவதும்தான்: பாடத்தை அனுப்பினேன், பிள்ளைகள் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதுவும் வீட்டில் திறன்பேசி இருந்தவர்கள் மட்டும். மற்றவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சிதான் துணை. 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளிகள் திறக்கப்பட்டதும் கரும்பலகைக்குத் திரும்பினோம். அந்தச் செயலிகள் தொலைபேசியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. மாணவர்கள் சேர்ந்து ஒன்றை உருவாக்குவதற்காக இணையத்தைப் பயன்படுத்துவது என்பது அந்த நெருக்கடிக் காலத்தில் என் எண்ணத்திலேயே இல்லை.

பின்னர் இணையக் கருவிகள் பற்றிய பயிற்சிகளுக்குச் சென்றிருக்கிறேன். ஒரே நாளில் பதினைந்து இருபது கருவிகளின் பெயர்கள் திரையில் ஓடும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குத் தொடங்கச் சொல்வார்கள்; கடவுச்சொல்லைக் குறித்து முடிப்பதற்குள் அடுத்த கருவி வந்துவிடும். அப்படிக் கற்றுக்கொண்டவற்றுள் ஜாம்போர்டும் ஒன்று. ஒட்டுத்தாள்களை எல்லோரும் சேர்ந்து ஒட்டக்கூடிய அந்தப் பலகையை ஆசிரியர்கள் பலர் விரும்பினார்கள். கூகுள் நிறுவனம் 2024 இறுதியோடு அதை மூடிவிட்டது. வால்விஷர் என்ற பெயரில் தொடங்கிய இன்னொரு பலகை இன்று பேட்லெட் என்ற பெயரில் இருக்கிறது. அதன் இலவசக் கணக்கில் சில பலகைகளுக்கு மேல் உருவாக்க முடியாது. கருவிகள் இப்படி வருவதும் போவதும் பெயர் மாறுவதுமாக இருக்கும்போது, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்பதைத் தீர்மானிப்பது. எழுதியதைத் தொடாமல் ஓரத்தில் கருத்துச் சொல்வது. நேரடியாக மாற்றாமல் இப்படி மாற்றலாமே என்று பரிந்துரைப்பது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பின்னோக்கிப் பார்ப்பது — இந்த நான்கும் ஏதேனும் ஒரு பெயரில் பெரும்பாலான கூட்டுக் கருவிகளில் இருக்கின்றன. நான்கில் கடைசியாகச் சொன்னதுதான் ஆசிரியருக்கு மிகவும் வேண்டியது என்பது என் கருத்து. பயிற்சிகளில் அதிகம் பேசப்படாததும் அதுவே.

அது ஏன் முக்கியம் என்று புரிந்துகொள்ள இந்தத் தாள்கள் எப்படி இயங்குகின்றன என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே திரையில் ஒரே ஆவணத்தில் வேலை செய்வதை டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1968 டிசம்பர் 9 அன்றே சான்பிரான்சிஸ்கோவில் மேடையிலிருந்து செய்து காட்டினார். கணினிச் சுட்டியும் அதே நிகழ்வில்தான் பொதுவெளிக்கு வந்தது. ஆனால் பலர் ஒரே நொடியில் எழுதினால் யாருடையதை ஏற்பது என்ற சிக்கல் இருந்தது. ஒரு வரியின் ஏழாவது எழுத்தை நான் அழிக்கும் அதே கணத்தில் நீங்கள் அந்த வரியின் தொடக்கத்தில் ஐந்து எழுத்துகளைச் சேர்த்தால், நான் அழிக்க வேண்டியது இப்போது பன்னிரண்டாவது எழுத்தாகிறது. கணினி அதைக் கணக்கிடாவிட்டால் வேறொன்றை அழித்துவிடும். ஒவ்வொரு மாற்றத்தையும் மற்ற மாற்றங்களுக்கு ஏற்பத் திருத்திப் பொருத்தும் முறையை எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989இல் முன்வைத்தார்கள். 2008இல் வந்த ஈதர்பேட் என்ற கூட்டுத் தாள், எழுதுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணம் கொடுத்து இதைச் சாதாரண மக்களின் உலாவிக்குள் கொண்டுவந்தது. 2010இல் மறுபடி கட்டப்பட்ட கூகுள் டாக்ஸும் இதே வழியில் வந்தது. அதில் ஓர் ஆவணம் என்பது அடிப்படையில் மாற்றங்களின் வரிசைதான்: இன்னார் இந்த இடத்தில் இதைச் சேர்த்தார், இன்னார் இதை நீக்கினார் என்ற பதிவுகளை வரிசையாக நிகழ்த்திப் பார்த்தால் கிடைப்பதே நாம் திரையில் காணும் பக்கம். அந்தப் பதிவுகளைப் பின்னோக்கிக் காட்டும் பதிப்பு வரலாறு என்பது பிறகு ஒட்டவைத்த வசதியன்று, தாளே அதனால்தான் ஆகியிருக்கிறது. ஒரு மாணவன் நோட்டில் எழுதிய கட்டுரையில் எனக்குக் கிடைப்பது முடிந்த வடிவம். இங்கே எழுதி, அழித்து, மீண்டும் எழுதிய வழி முழுவதும் கிடைக்கிறது. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்தி வரும் எனக்கு இது சிறிய செய்தியாகப் படவில்லை.

வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் இதில் உண்மையான ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும் என்று கணினிப் பயிற்றுநர் சொன்னார். அது நல்ல யோசனை. பக்கத்துப் பள்ளிகளின் சமூக அறிவியல் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து, பத்தாம் வகுப்பில் மெல்லக் கற்போருக்கான வினாத் தொகுப்பைக் கூகுள் டாக்ஸில் எழுதினோம். ஆளுக்கு ஒன்றாக ஆண்டுதோறும் தனித்தனியே தயாரித்து, ஜெராக்ஸ் எடுத்து, அடுத்த ஆண்டு தொலைத்துவிட்டு மறுபடியும் தயாரிக்கும் பொருள் அது. முதல் தடை எழுத்துருவில் வந்தது. பழைய தொகுப்புகள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்ததால், வெட்டி ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகச் சிதறின. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித் தரும் மென்பொருள் வழியாக அனுப்பியும் ஒற்றெழுத்துகள் சில விழுந்துபோயின. உட்கார்ந்து பார்த்துத்தான் சரிசெய்தோம்.

அதைவிட நுட்பமான தடை மரியாதையில் இருந்தது. எங்கள் மூவரில் ஒருவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், அந்த வட்டாரத்தில் பல ஆசிரியர்களுக்கே ஆசிரியர். அவர் எழுதிய வினாக்களில் இரண்டு சுற்றி வளைத்து இருந்தன. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு அவை புரியா. எங்கள் இருவருக்கும் அது தெரிந்தும் பல நாள் அந்த வரிகளை யாரும் தொடவில்லை. அவருடைய சொற்களை அழித்துவிட்டு எங்கள் சொற்களை இடுவது எப்படி? பிறகு பரிந்துரைக்கும் முறைக்கு மாறினோம். அதில் பழைய சொல் கோடு போடப்பட்ட நிலையில் அப்படியே இருக்க, புதிய சொல் வேறு வண்ணத்தில் பக்கத்தில் நிற்கும். ஏற்பதும் மறுப்பதும் எழுதியவர் கையில். அவர் ஒன்றை ஏற்றார், மற்றொன்றை மறுத்துவிட்டு, ‘இதை இப்படியே விடுங்கம்மா, பொதுத்தேர்வுல இந்த நடைதான் வருது’ என்று ஓரத்தில் காரணமும் எழுதினார். அவர் சொன்னது சரிதான். வகுப்பில் பிள்ளைகளுக்குள்ளும் இதே தயக்கம் இருக்கும் என்பதை, முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் வரியை யாரும் தொடமாட்டார்கள் என்பதை, இந்த அனுபவம் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது.

அடுத்த கேள்வி எந்த வேலையைக் கொடுப்பது என்பது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுங்கள் என்று சொல்வது எளிது. அதைக் கூட்டு வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் எழுதினால் ஒழுங்காக வரக்கூடியதை ஐவர் எழுதினால் ஐந்து தையல் போட்ட துணியாகத்தான் வரும். பலர் இல்லாமல் முடியாத வேலையாக இருந்தால் மட்டுமே பலர் எழுதும் தாளுக்குப் பொருள் உண்டு. எங்கள் பள்ளிக்குச் சுற்றியுள்ள பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கண்மாயாவது இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகள் இருக்கின்றன என்பது பாடத்தில் சொல்லக்கூடிய செய்தி. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருப்பவை நீர்வளத் துறையிடமும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன என்பதும் அப்படியே. ஆனால் தன் ஊர்க் கண்மாய் இதில் எந்த வகை, தண்ணீர் திறந்துவிடும் மடை எத்தனை, மிகைநீர் வழியும் கலுங்கு எந்தப் பக்கம், தண்ணீர் தேங்கும் உள்வாயில் சீமைக்கருவேல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, தண்ணீர் திறந்துவிட இப்போது யார் பொறுப்பு என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஓர் ஊர்தான் தெரியும். எல்லோரும் சேர்ந்தால்தான் ஒரு வட்டாரம் தெரியும். ஆகவே ஒரு விரிதாளில் கண்மாய்க்கு ஒரு வரிசை, அதனோடு இணைந்த ஆவணத்தில் கண்மாய்க்கு ஒரு பத்தி என்று திட்டமிட்டோம்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் — பிள்ளைகள் வாயில் ஹைடெக் லேப் — கணினிக்கு இரண்டு பேர் என உட்கார்ந்தால் வகுப்பு அடங்கும். திட்டம் தாளில் அழகாக இருந்தது. நடைமுறையில் முதல் பாடவேளை முழுவதும் உள்நுழைவதிலேயே போனது. பிள்ளைகளின் கூகுள் கணக்குகள் பெரும்பாலும் பெற்றோரின் தொலைபேசி எண்ணில் இருந்தன. புதிய கணினியில் திறந்தால் உறுதிப்படுத்தும் எண் அந்தத் தொலைபேசிக்குப் போகும். ‘டீச்சர், போன் எங்க அப்பாட்ட இருக்கு, அவரு திருப்பூர்ல இருக்காரு’ என்றான் ஒருவன். தலைமை ஆசிரியர் அறையிலிருந்து திருப்பூருக்குத் தொலைபேசி செய்து, இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாங்கினோம். அவர் முதலில் தர மறுத்தார். யாரிடமும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது என்று வங்கிக்காரர்கள் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அவர் விழிப்போடு இருந்ததைக் குறை சொல்ல முடியாது. முடிவில், ஒரு கணினியில் உட்காரும் இருவரில் யாருடைய கணக்குத் தடையில்லாமல் திறக்கிறதோ அதையே பயன்படுத்துவது என்று தீர்மானித்தோம். அந்த முடிவின் விளைவு பிறகு தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கணக்கே வேண்டாம், இணைப்பைத் திறந்துவிட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அப்படியும் செய்யலாம், அப்போது உள்ளே வருபவர்களுக்குக் கூகுள் ஏதாவது விலங்கின் பெயரைச் சூட்டிவிடும். பழகிப் பார்ப்பதற்காகத் தாள் ஒன்றை அப்படித் திறந்துவைத்தபோது, திரையின் மேல் மூலையில் கேபிபாராவும் வாம்பட்டும் ஆக்ஸலாட்டலும் வரிசை கட்டி நின்றன; அந்தப் பாடவேளையில் பாதி, ஆக்ஸலாட்டல் எப்படி இருக்கும் என்று பார்ப்பதில் கழிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பெயரில்லாமல் எழுதியவர்களின் மாற்றங்கள் வரலாற்றில் தனித்தனியாகத் தெரிவதில்லை. அநாமதேயர் என்ற ஒரே தலைப்பில் சேர்ந்துவிடும். யார் செய்தது என்று தெரியாத இடத்தில் பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதைத்தான் அன்று செய்தார்கள்: அடுத்தவர் எழுதியதை அழித்தார்கள், தங்களுக்குப் பிடித்த நடிகரின் பெயரைப் பக்கம் முழுவதும் பெரிய எழுத்தில் இட்டார்கள், இதயக் குறிகளைக் கொட்டினார்கள்.

அடுத்த வகுப்பில் எல்லோரும் கணினிக்கு ஒரு கணக்கோடு உள்ளே வந்து எழுதிய பிறகு, நான் எதுவும் சொல்லாமல் அந்த வகுப்பில் எழுதிய தாளின் பதிப்பு வரலாற்றைப் பெருந்திரையில் திறந்து காட்டினேன். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வண்ணம். அழிக்கப்பட்ட சொற்கள் கோடு போடப்பட்டு அப்படியே இருந்தன. பக்கவாட்டில் நேரத்தோடு பெயர்கள். ஒரு பழைய நேரத்தைத் தொட்டதும் தாள் அந்த நிலைக்குத் திரும்பியது. வகுப்பில் ஒரு கணம் பேச்சில்லை; பிறகு பின்வரிசையிலிருந்து, ‘அப்ப அழிச்சாலும் அழியாதா டீச்சர்?’ என்று ஒரு குரல். அடுத்தவர் எழுதியதை வேண்டுமென்றே அழிப்பது அதோடு ஏறக்குறைய நின்றுபோனது. பயத்தால் மட்டுமே நின்றது என்று நான் நினைக்கவில்லை. தன்னுடையது தொலைந்துபோகாது என்று தெரிந்த பிள்ளை, தன் வரியை அடுத்தவன் மாற்றினால் முன்போல் பதறுவதும் இல்லை. ஒரு மாணவி தன் பத்தியை மூன்று முறை முழுவதுமாக அழித்துவிட்டு எழுதினாள். நோட்டில் அவள் ஒரு வரியை அடிப்பதற்கே தயங்குபவள்.

தட்டச்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கியது அதுதான். தமிழ்99 விசைப்பலகையை 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு அரசே ஏற்றது. ஆனால் பிள்ளைகளின் விரல்களுக்குத் தெரிந்தது தொலைபேசியில் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் முறை. இரண்டையும் அனுமதித்தேன், எது சிறந்தது என்ற விவாதத்தை இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவர விருப்பமில்லை. பேச்சை எழுத்தாக்கும் வசதி கூகுள் டாக்ஸில் தமிழுக்கும் இருக்கிறது. அமைதியான அறையில் ஒருவர் பேசினால் வியக்கும்படி எழுதும். நாற்பது பேர் இருக்கும் ஆய்வகத்தில் ‘மடை’ என்றால் ‘மழை’ என்று எழுதியது. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டவற்றைப் பதிவதற்கு அது உதவியது, ஆய்வகத்தில் உதவவில்லை.

நான் எதிர்பார்க்காத பாடம் கருத்துப் பெட்டியில் நடந்தது. முதலில் பிள்ளைகள் ஒருவர் பத்திக்கு இன்னொருவர் ‘சூப்பர்’, ‘அருமை’ என்று மட்டும் எழுதினார்கள். ஒவ்வொரு கருத்தும் ஒரு கேள்வியாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி வைத்தேன். அதன் பிறகு ஒரு கண்மாயின் வரிசையில் ஒரு சண்டை தொடங்கியது. கரையின் இரு பக்கமும் இரண்டு ஊர்கள் இருக்கும் கண்மாய் அது. மேற்கு ஊர் மாணவன் மடை மூன்று என்று இட்டிருந்தான், கிழக்கு ஊர் மாணவி நான்கு என்று பரிந்துரைத்திருந்தாள். ‘நீ எப்போது எண்ணினாய்?’ என்று அவன் கேட்டிருந்தான். ‘போன ஞாயிற்றுக்கிழமை. நீ கரை முழுக்க நடந்தாயா?’ என்று அவள். ‘கருவேல மரத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாதே’ என்று அவன். ‘அதற்கு அந்தப் பக்கம்தான் நாலாவது’ என்று அவள். பிறகு இரண்டு நாள் எந்தப் பதிவும் இல்லை. அடுத்த வாரம் அவன் எழுதியிருந்தான்: தாத்தாவிடம் கேட்டதில் நான்காவது மடை இருப்பது உண்மை, ஆனால் மண் மேவி மூடிப்போய்ப் பல காலம் ஆகிறது, அந்த மடைக்குக் கீழே இருந்த வயல்கள் இப்போது தரிசு. இருவரும் சேர்ந்து எண்ணிக்கையை ‘4, இயங்குவது 3’ என்று மாற்றினார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி தாளில் ‘இயங்கும் மடை’ என்று ஒரு நெடுவரிசை சேர்ந்தது. உடனே மற்ற ஊர்ப் பிள்ளைகளும் தங்கள் எண்ணிக்கையைச் சரிபார்க்கக் கிளம்ப வேண்டியதாயிற்று.

இந்த உரையாடல் என் வகுப்பறையில் வாய்மொழியாக நடந்திருக்காது. நடந்திருந்தாலும் ஐந்து நிமிடத்தில் குரல் பெரிதாக இருப்பவர் வென்றிருப்பார், அல்லது நான் இடையில் புகுந்து தீர்ப்புச் சொல்லியிருப்பேன். எழுத்தில் இருந்ததாலும், பதிலுக்குக் காத்திருக்க நேரம் இருந்ததாலும், அவர்கள் கரைக்கும் தாத்தாவிடமும் போய்வர முடிந்தது. வாட்ஸ்அப் குழுவில் இதே கேள்வி எழுந்திருந்தால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் மாலைக்குள் புதைந்திருக்கும். அறிவிப்புக்கு அது போதும், ஒன்றைப் பற்றி நின்று பேசுவதற்கு ஆகாது.

இனி அந்த இருவருக்கு ஒரு கணக்கு என்ற ஏற்பாட்டின் விளைவு. வளரறி மதிப்பீட்டுக்குச் செயல்பாட்டு மதிப்பெண் போடும் நேரம் வந்தபோது, பதிப்பு வரலாறு இருக்கிறதே, யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையோடுதான் திறந்தேன். ஒரு கணினியில் ஒரு பெயரே முழுவதும் நிறைந்திருந்தது. அடுத்து உட்கார்ந்திருந்தவன் பெயர் எங்குமே இல்லை. கேட்டுப் பார்த்தால், தட்டச்சு செய்தவன் வேகமாகத் தட்டுவான் என்பதால் அவன் தட்டினான். கண்மாய்க்கரையில் நடந்தவன், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியாக இருந்த தன் பாட்டனிடம் உட்கார்ந்து கேட்டவன், எந்த மடையை எந்த வரிசையில் திறப்பார்கள் என்பதைச் சொன்னவன் எல்லாம் பெயரில்லாத அந்த மற்றவன். வரலாறு பொய் சொல்லவில்லை. விசையை அழுத்திய விரலை மட்டும் அது அறியும், செய்தி எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. இதைப் பற்றிப் பயிற்சிகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. மாணவர் பங்களிப்பைத் துல்லியமாக அளக்கலாம் என்றுதான் எப்போதும் சொல்கிறார்கள். எழுத்தெண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடும் ஆசிரியர் கிராமத்துப் பிள்ளைக்கு அநியாயம் செய்வார் என்றே சொல்வேன், ஏனென்றால் விசைப்பலகை பழக்கம் வீட்டில் கணினி இருக்கும் பிள்ளைக்கே முதலில் வருகிறது. விரிதாளில் ‘சொன்னவர்’, ‘கேட்டு வந்தவர்’, ‘தட்டச்சு செய்தவர்’ என்று மூன்று நெடுவரிசைகளைச் சேர்த்தோம். ‘சொன்னவர்’ என்ற கட்டத்தில் ஊர்ப் பெரியவர்களின் பெயர்களுக்குப் பதிலாகப் பாட்டி, தாத்தா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று மட்டும் குறித்தோம்.

பெயர் போன்ற விவரங்களில் கவனமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, ‘இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்’ என்ற அமைப்பில் திறந்து கிடக்கும் தாள் எந்தக் கைக்குப் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஏறிய இணைப்பு ஊர் சுற்றும். வகுப்புத் தாளை மாணவர் கணக்குகளுக்கு மட்டும் பகிர்ந்து, பெற்றோரிடம் கையெழுத்துக் கடிதம் பெற்று, வேலை முடிந்ததும் ‘பார்க்க மட்டும்’ என்று மாற்றினோம். கடிதத்தைப் படித்த ஒரு தாய் பள்ளிக்கு நேரில் வந்து, ‘பிள்ள போட்டோ எதுவும் அதுல போகாதுல்ல டீச்சர்?’ என்று கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் கையெழுத்திட்டார். படிவத்தை நிரப்பி வாங்கும் வேலையாக மட்டும் எண்ணியிருந்த எனக்கு, அந்தக் கேள்விக்குப் பிறகு தாளில் படம் சேர்க்கும் திட்டத்தையே கைவிடத் தோன்றியது. மடைகளின் படங்களைப் பிள்ளைகள் வரைந்து கொண்டுவந்தார்கள்.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும் என்று யாரேனும் சொன்னால் ஏற்கமாட்டேன். பொதுத்தேர்வை மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேனாவால்தான் எழுத வேண்டும். அதற்கான பயிற்சிக்கு இந்தத் தாள் உதவாது. பாடவேளைக்குள் முடிய வேண்டிய வேலைக்கும் ஆகாது. இணைப்பு அறுந்தால் பத்து நிமிடம் போய்விடும். வரைபடத்தில் ஆறுகளைக் குறிப்பதற்குச் சுண்ணக்கட்டியும் பலகையும் இன்றும் விரைவானவை. பல வாரங்கள் நீளும், பல இடங்களிலிருந்து செய்தி வர வேண்டிய, திருத்தம் ஏறிக்கொண்டே இருக்கும் வேலை என்றால் மட்டும் நான் ஆய்வகத்தின் சாவியைக் கேட்கிறேன்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்தத் தாள் யாருடையது என்பது. உருவாக்கியவள் என்ற முறையில் அது என் சொந்தக் கணக்கில் இருக்கிறது. பணிமாறுதல் கலந்தாய்வில் நான் வேறு ஊருக்குப் போனால் தாளும் என்னோடு வந்துவிடும், பள்ளியில் அதன் சுவடே இருக்காது. மாணவர்களின் கணக்குகளோ பெற்றோரின் எண் மாறினால் திறக்காமல் போகக்கூடியவை. இப்போதைக்கு ஒவ்வொரு பருவ முடிவிலும் முழுவதையும் தரவிறக்கி, ஒரு பிரதியைப் பள்ளிக் கணினியிலும், அச்சிட்டுக் கட்டிய ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்திலும் வைக்கிறோம். அச்சுப் பிரதியில் கருத்துப் பெட்டிகளும் வர வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவற்றைத் தனியாக எடுத்துப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறோம். மடைச் சண்டை ஒன்றே மூன்று பக்கம் வந்தது.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பினருக்குப் புதுத் தாள் கொடுக்கவில்லை. சென்ற ஆண்டுத் தாளின் நகல் ஒன்றை எடுத்து, முன்பு எழுதியவர்களின் வரிகளை அப்படியே வைத்து, எதுவாக இருந்தாலும் பரிந்துரையாக மட்டுமே எழுத வேண்டும் என்று கொடுத்திருக்கிறோம். ஏற்பதா மறுப்பதா என்பதை இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் பழைய குழு முடிவு செய்யும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறையும், தை அறுவடை முடிந்த பிறகு ஒரு முறையும் ஒவ்வொரு கண்மாயின் வரிசையையும் சரிபார்க்க வேண்டும் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குத் தேர்வு இருப்பதாக இப்போதே முறையிடத் தொடங்கிவிட்டார்கள். தை மாதச் சரிபார்ப்பை யார் முடிவு செய்வது என்ற பேச்சு கருத்துப் பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.